உடும்பு விட்ட பிடி

பதினாறு வருடம் சேர்ந்து வேலை செய்தும், ஓடும் வண்டியில் நான் அவர் முகத்தை அதிகம் பார்த்ததில்லை. டிரைவருக்குக் கண்டக்டர் என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு மணிச்சத்தம். ஒரு தடவை அடித்தால் நில், இரண்டு தடவை அடித்தால் போ. அந்த இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியிலேயே ஆள் அவர்தான் என்று கண்டுகொள்வேன். டிப்போவில் அவருக்குப் பெயர் உடும்பு. தோளில் தொங்கும் பையை இடது முழங்கையால் இடுக்கினால், மணியடிக்கும் நேரம் தவிர விடவே மாட்டார்.

மழைநாளில் படியில் வழுக்கி அந்த முழங்கையே முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; கைதான் நீளவில்லை. வலது கையில் டிக்கெட் இருக்கும் என்பதால் மணிக்கயிற்றை இழுப்பதும் அந்தக் கைதான். மாதக் கடைசியில் கயிறு எட்டினால் வண்டி, எட்டாவிட்டால் தொலைந்த சாமான் அறையில் மேசை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"மிச்ச காலமெல்லாம் குடைக்குக் காவலாடா?" என்று என்னிடம் கேட்டார். வேறு யாருடைய மணிக்கோ நான் வண்டி எடுக்க வேண்டுமே.

பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா அவர் மேல்கையை அழுத்திப் பார்த்தார்.

"தசைக்கு இழுக்க மட்டும்தாங்க தெரியும், தள்ளத் தெரியாது. முன்பக்கம் இழுத்தா முழங்கை மடங்கும், பின்பக்கம் இழுத்தா நீளும். ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு விட்டுக்கொடுக்கணும். உங்களுக்கு முன்பக்கம் விடவே மாட்டேங்குது. எதைப் பிடிச்சிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்களே" என்றார் அப்பாவியாக. எனக்குப் புரிந்துவிட்டது. மனுஷர் இல்லாத பையை இடுக்கிக்கொண்டிருந்தார்.

சின்ன எடை ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார்கள். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கெட்டிக்காரி. பழைய தோல்பையில் அரைக் கிலோ உப்பைப் போட்டு, அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, விளிம்புக்கு வெளியே நீட்டிய கையில் வாரை மாட்டினார். "இத்தனை வருஷம் நீங்க அதைப் பிடிச்சீங்க. கொஞ்ச நாள் அது உங்களைப் பிடிக்கட்டும்."

மதியம் வேலை இல்லாத நாளெல்லாம் பக்கத்தில் போய் உட்காருவேன். திரைச்சீலை அசையும். அவருக்குக் கண் சொருகும். தூக்கத்தில் உதடுகள் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக முணுமுணுக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ இறங்கிப் போவதுபோல் தசை தளரும். வெயில் தரையில் நகர்வது தெரியாத மாதிரி பை இறங்கும். எனக்கும் கண் சொக்கும். அவரும் நானும் பையும் ஆளில்லாத ஒரு நீளச் சாலையில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்போம். விழித்த மறுநொடி கை வெடுக்கென்று மடங்கும். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

மாதக் கடைசியில் காலி வண்டியில் சோதனை. மேலாளர் முன் இருக்கையில் இருந்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். கை உயர்ந்தது, நீண்டது, கயிற்றுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அப்போது கண்ணாடியில் உடும்பின் குதிகால் தரையை விட்டு எழுந்தது. கெண்டைக்கால் இறுகிப் புடைத்தது. கைக்குக் குறைந்ததைக் கால் கொடுத்தது. பை பிடிமானமில்லாமல் இடுப்பில் ஆடியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி இரண்டு தடவை அடித்தது. நடுவே அதே இடைவெளி.

எனக்குக் கண் நிறைந்து சாலையே தெரியவில்லை. வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, இன்னொரு தரம் அடிக்கணுமா?" என்றார் பின்னாலிருந்து.

"அடிங்கண்ணே" என்றேன்.