பிரேக் மிதித்தது யார்?

'டொம்!'

கார் கதவு சாத்துகிற சத்தம். நான் அந்தக் காருக்கு அடியில், சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்திருந்தேன். மணி மதியம் 2.10. தலைமாட்டில் வைத்திருந்த போனை அந்த நிமிடம்தான் பார்த்தேன். அதனால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

நம்புகிறவர்கள் நம்புங்கள். இருபத்தாறு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். முதுகு போய்விட்டது, முட்டி போய்விட்டது. உட்கார்ந்து கதை கட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லாக் கடையும் மூடிக் கிடந்த நேரத்தில்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வயதைவிடப் பழைய வண்டி. பாசிப் பச்சை நிறம். ஒரு டீச்சரம்மா வியாழக்கிழமை கொண்டுவந்து விட்டார். திங்கள் காலை ஆறு மணிக்கு இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, அந்தக் காரிலேயே மலை இறங்க வேண்டும். பத்து மணிக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்.

"பிரேக் மட்டும் பார்த்துக் கொடுங்கண்ணே. மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

பார்த்தேன். பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாய்கள் முழுக்கத் துரு. விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. முன்னாலிருந்து பின்சக்கரம் வரை அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வகைக் குழாயை மேசையில் போட்டார்.

"இரும்பு வேணுமா? வளைச்சு, முனையைப் புனல் மாதிரி விரிச்சு, உட்கார வைக்க ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் எங்கே இருக்கு? அடுத்தது?"

"செம்பும் நிக்கலும் கலந்தது. இதுதான் நல்லது. துருப் பிடிக்காது, கைக்கும் வளையும். ஆனா இது வெறும் சாம்பிள் துண்டு. சரக்கு செவ்வாய்க்கிழமைதான் வரும்."

மூன்றாவது வெறும் செம்பு. ஏசிக்குப் போடுகிற குழாய். நூல் மாதிரி வளையும். அதைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பிரேக்குக்கா?"

"ஒரே ஒரு தடவை மலை இறங்கிட்டா போதும். அப்புறம் மாத்திக்கலாம்."

"உங்களுக்குத் தெரியாததா... அதிர்ச்சி தாங்காது. முனையில விண்டுடும்."

தெரியும். ஆனால் அந்த வாரத்தில் அது ஏழாவது வண்டி. நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிப் பத்து நாளாகிவிட்டது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. செம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, ஒன்றரைக்குள் எல்லாக் குழாயும் மாட்டியாகிவிட்டது. இனிக் குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மூன்று தடவை மிதித்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்தில் உள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட்டு மூட வேண்டும்.

மேலே உட்காருவது எப்போதும் என் மச்சினன்தான். சாப்பிடப் போயிருந்தான். அவன் வருவதற்குள் ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று காருக்கு அடியிலேயே படுத்திருந்தேன்.

அப்போதுதான்... 'டொம்!'

"வந்துட்டியா மாப்ளே? உங்கக்கா சோறு போட்டாளா, இல்லை திட்டி அனுப்பினாளா?"

பதில் இல்லை.

என் மச்சினன் வாய் சும்மா இருக்காது. மிதிக்கச் சொன்னால் மிதித்துக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் சொல்லுவான். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சரி, மிதி."

அந்தப் பழைய வண்டியில் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும். மேலே பெடலை மிதித்தால், அதைத் தள்ளுகிற கம்பி என் கண்ணெதிரே நகரும்.

கம்பி நகர்ந்தது. ஒன்று... இரண்டு... மூன்று. அழுத்திப் பிடித்தபடி நின்றது.

நிப்பிளைத் திறந்தேன். அதில் சொருகிய டியூப் வழியாகப் பாட்டிலில் ஆயில் குமிழ்களோடு இறங்கியது. மூடினேன். "விடு." விட்டான். நல்ல நிதானமான மிதி. மச்சினன் எப்போதும் தண்ணீர் பம்பு அடிப்பதுபோல் 'டப டப' என்று மிதிப்பான். இன்று என்ன இவ்வளவு பொறுமை என்று நினைத்தேன். வேலை நன்றாக நடக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

இடது பின்சக்கரம் முடிந்தது. வலது பக்கம் உருண்டு போனேன். நான் சொல்லும் முன்பே கம்பி நகர்ந்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் அமுங்கும். பழைய பட்டை ஸ்பிரிங் 'கிரீச்' என்று முனகும். காலையில் நான் ஏறியபோது முனகியது. இப்போது முனகவில்லை.

அப்புறம் பட்டறை ஷட்டர். தரைக்கு ஒரு சாண் விட்டு இறக்கி வைத்திருந்தேன். அதைத் தூக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. தூக்கினால் 'கடகட'வென்று தெருவே எழுந்துவிடும். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

தூங்கியிருப்பேன். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"போதும், விடு" என்றேன்.

கம்பி திரும்பவில்லை.

"விடுடா..."

இன்னும் அழுந்தியது. மெதுவாக. ஒரு நூல் அளவு... இன்னொரு நூல் அளவு... தரைத் தகடு 'கிர்ர்' என்றது. அவ்வளவு பலம் என் மச்சினன் காலில் கிடையாது.

'ப்ஸ்ஸ்ஸ்!'

என் முகத்துக்கு மேலே செம்புக் குழாய் முனையில் விண்டது. பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது. கண்ணில், வாயில்... எரிச்சல் உயிர் போனது.

கண்ணை மூடிக்கொண்டே பலகையை உதைத்து வெளியே வந்தேன். தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். திட்டிக்கொண்டே திரும்பினேன்.

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

மச்சினன் வாடிக்கையாளர் காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியே விடுவான். செருப்பும் இல்லை. ஷட்டர் நான் இறக்கிய இடத்திலேயே இருந்தது.

பெடல் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. நான் பார்க்கப் பார்க்க... மெதுவாக மேலே எழும்பியது. யாரோ காலை எடுத்ததுபோல.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. மணி 2.41. மச்சினன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. சாப்பிட்டுக் கொஞ்சம் அசந்துட்டேன். அக்கா இப்பதான் எழுப்புச்சு. வரவா?"

"நீ... வீட்டிலயா இருக்கே?"

"பின்னே? ஏன் மாமா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. சீக்கிரம் வா."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நான் ஓடவில்லை. தைரியத்தால் இல்லை, அசதியால். ஓடக்கூடத் தெம்பு வேண்டுமே! பழைய சிலிண்டர், உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டது, கதவு சத்தம் தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு டீச்சரம்மா வந்துவிடுவார். விண்ட முனையை வெட்டி எறிந்தேன். அதே செம்பில் புது முனை விரித்து, மறுபடி மாட்டினேன்.

மச்சினனுக்காகக் காத்திருக்காமல், பெடலை அழுத்திவிட்டு, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். ஆள் இல்லாதபோது நாங்கள் செய்கிற வேலைதான். நான்கு கதவையும் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மணி 3.20. காருக்கு அடியில் போனேன்.

கம்பி அழுந்திய நிலையில் நின்றது. முட்டு பிடித்திருந்தது. நல்லது.

'டக்.'

மேலே, காருக்குள், ஏதோ விழுந்தது.

கம்பி திரும்பியது. முட்டு விலகிவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பி நகர்ந்தது.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

அழுத்தியது.

நூல் நூலாக...

"வேண்டாம்..." என்றேன். யாரிடம் சொன்னேன், தெரியாது.

'ப்ஸ்ஸ்ஸ்!'

இந்தத் தடவை முன்பக்கம். காலையில்தான் போட்ட இன்னொரு முனை.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். நான்கு கதவும் பூட்டியபடியே இருந்தன. சாவி என் பையில் இருந்தது. மரக்கட்டை பக்கத்து சீட்டில் கிடந்தது. விழுந்த மாதிரி இல்லை. எடுத்து ஓரமாக வைத்த மாதிரி.

மச்சினன் வந்து சேர நான்கு மணியாகிவிட்டது. என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

மாட்டிய செம்பு முழுவதையும் கழற்றச் சொன்னேன். அவன் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு முனையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விண்ட இரண்டு மட்டும் இல்லை. இன்னும் மூன்று முனைகளில் முடி அளவு விரிசல். கொட்டாவி விட்டுக்கொண்டே விரித்த முனைகள். என் கை செய்த வேலை. எத்தனையாவது வளைவில் அது விண்டிருக்கும்? ஏழாவதா, பன்னிரண்டாவதா? பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள்...

ஐந்து மணிக்கு டீச்சரம்மா வந்தார்.

"வண்டி நாளைக்குத் தர மாட்டேம்மா. பஸ்ல கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"இப்ப வந்து சொல்றீங்களே, இது நியாயமா? ரெண்டு பிள்ளை, நாலு பெட்டி. எப்படிண்ணே?" என்று சத்தம் போட்டார். போட வேண்டிய சத்தம்தான். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை செம்பு நிக்கல் குழாய் வந்தது. அன்று முழுவதும் அதை மட்டுமே செய்தேன். ஒவ்வொரு முனையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புதன்கிழமை மச்சினன் மேலே உட்கார்ந்து, 'டப டப' என்று மிதித்து, ஊர்க்கதை பேசினான். ஒரு சொட்டு கசியவில்லை. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

சனிக்கிழமை டீச்சரம்மா வண்டி எடுக்க வந்தார். கோபம் ஆறியிருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி நிக்குது" என்று சிரித்தார். சாவியைக் கொடுக்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதுக்கு முன்னாடி இந்த வண்டியை யாரும்மா பார்த்துக்கிட்டது?"

"எங்கப்பாதான். நாற்பத்தெட்டு வருஷம். வேற ஒருத்தரை பானெட்டைத் திறக்க விட்டதில்லை. நட்டு போல்ட்டு எல்லாம் அவரே."



"அவர்... எப்போம்மா தவறினார்?"

டீச்சரம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"தவறலையேண்ணே. மலைக்குக் கீழே, என் தங்கச்சி வீட்டில இருக்கார். பக்கவாதம்."

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எட்டு மாசமா ஒரு விரல்கூட அசையாமக் கிடந்தவரு, போன ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து கட்டில் பலகையை வலது காலால மூணு மூணு தடவையா மிதிச்சு, அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாராம்... நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அந்தக் காலை எடுக்க முடியலையாம்."