பனிக்குடம் உடைந்த ரயில்: அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு

என் தங்கை கிருபையைப் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துவந்த கதையைப் பலருக்கும் வாயால் சொல்லிவிட்டேன். கேட்டவர்களில் பாதிப்பேர், எங்கள் வீட்டுப் பெண்ணையும் அப்படிக் கூட்டிவரலாமா என்று விசாரிப்பதால் இப்போது எழுதியே வைக்கிறேன். அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிப் பத்து வருஷம் போல ஆகியிருந்தது. மாதம் ஐப்பசி. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கிருபை வாக்கப்பட்டது பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில்.

அவளுடைய முதல் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. பையன் நன்றாகத்தான் பிறந்தான். பிறகு பால் குடிப்பதை நிறுத்தினான், உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு வாரத்துக்குள் போய்விட்டான். கிருபைக்கும் ஜன்னி கண்டு, நினைவில்லாமல் மாட்டுவண்டியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். அவள் பிழைத்ததே பெரிய காரியம். வீடு திரும்பும்போது டாக்டரம்மா அவளிடம், "இது காற்று கருப்பு இல்லை. கழுவாத கையிலும் அழுக்குத் துணியிலும் இருந்த நஞ்சு உள்ளே போயிருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு வலி எடுக்கும் முன்பே வந்துவிடு" என்று சொல்லியிருந்தார். கிருபை அந்தச் சொல்லை விடவில்லை. எட்டாம் மாதம் முடிந்ததும் எனக்கு ஆளனுப்பிவிட்டாள், நானும் அவள் ஊருக்குப் போனேன்.

அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு அவர்கள் ஊரிலிருந்து ஆறு மைல். வண்டியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, மேலே பத்தமடைப் பாய் விரித்து, அவள் கணவர் சாமுவேல் மாடுகளை நடக்கவிட்டே ஓட்டினார். இப்படி வருகிறவர்கள் விடியும்போதே கிளம்பிவிடுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சக்கரம் புதையும். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஐந்தணாவுக்குள் முடிந்துவிடும். நானும் கிருபையும் பெண்கள் பெட்டியில் ஏறினோம். சாமுவேல் அடுத்த பெட்டியில்.

கிருபைக்கு அதுதான் முதல் ரயில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்! கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணி செந்நிறமாகக் கரை தொட்டுப் போகிறது. வேரோடு பிடுங்கிய ஒரு மரம் பாலத்தூணில் மோதிச் சுழன்றது. "அக்கா, பாரு, பாரு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். நானும்தான் கத்தினேன். பாலம் முடிவதற்குள் அவள் குரல் மாறிவிட்டது.

"அக்கா, சேல நனஞ்சுட்டு."

பனிக்குடம் உடைந்திருந்தது. வலி இன்னும் தொடங்கவில்லை.

எதிர்ப்பலகையில் இருந்த ஒரு பெண் உடனே எழுந்து வந்தாள். பெயர் இசக்கியம்மாள், வீரவநல்லூர்க்காரி, ஊரில் பேறு பார்க்கும் மருத்துவச்சி. "ஏளா, பயப்படாத. தல எங்கன நிக்கின்னு ஒருக்கா கை விட்டுப் பாத்துருதேன்" என்று முந்தானையை இடுப்பில் செருகினாள்.

கிருபை அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "வேண்டாம், யக்கா. கோவிச்சுக்கிடாதீக. போன பிள்ளைய அப்படித்தான் பறிகொடுத்தேன். இந்தத் தடவ பாளையங்கோட்டை டாக்டரம்மாட்டத்தான் போறேன்."

இசக்கியம்மாளின் முகம் சிவந்தது. "அப்படி ஒங்க டாக்டரம்மா கையில என்னளா இருக்கு, எங்கையில இல்லாதது?"

"அவுக கையில ஒண்ணுமே இல்ல, யக்கா. அதான் வித்தியாசம். சோப்புப் போட்டுத் தேச்சு, மருந்துத் தண்ணியில முக்கி, ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டுத்தான் தொடுதாக."

சண்டை வரப்போகிறது என்று நான் நடுவில் போனேன். ஆனால் இசக்கியம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கையில பொறந்ததுல எத்தனையோ பிள்ளைக நல்லாத்தான் இருக்கு," என்றாள் மெதுவாக. "ஆனா ஜன்னி கண்டு போனதும் உண்டு. ஏன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல." வீரவநல்லூர் வந்தது. அவள் இறங்கவில்லை!

இறங்கியிருந்தால் எங்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப்பார்க்கிறேன். ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேல் குளத்துத் தண்ணீர். வடியும் வரை நகராது என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கிருபைக்கு வலி தொடங்கியது. இசக்கியம்மாள் பெட்டியிலிருந்த மற்றப் பெண்களை ஓரமாக உட்காரவைத்து, சேலையைத் திரையாகக் கட்டினாள். கிருபையின் மூச்சை வைத்தே வலியை அளந்தாள், கை வைக்கவில்லை. "இங்கனயே பொறந்தாலும் பொறந்துரும். எனக்கு வெந்நி வேணும்" என்றாள்.

நடுக்காட்டில் வெந்நீருக்கு எங்கே போவது? நான் ஜன்னல் வழியே சாமுவேலிடம் சொல்ல, அவர் செம்பை எடுத்துக்கொண்டு இஞ்சினை நோக்கி ஓடினார். "அண்ணாச்சி, என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துட்டு. ஒரு செம்பு வெந்நி தாரும்!"

இஞ்சின் ஓட்டுநர் எட்டிப்பார்த்தார். "ஒரு செம்பு எதுக்குவே? வாளியக் கொண்டாரும்!"

ஆவி பறக்கும் வாளி வந்தது. குடிக்க உதவாது, கை கழுவ உதவும். கிருபை மூட்டையில் சோப்பும், கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்திய துணிகளும் வைத்திருந்தாள். இசக்கியம்மாள் வளையல்களைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறவைத்து, முழங்கை வரை தேய்த்தாள். நகக்கண்ணைக்கூட விடவில்லை. தேய்த்த கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பெட்டியிலிருந்த அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். வலியோடு கிருபையும் சிரித்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டிக்காரர்கள் மொய்ப்பார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை மூன்று மைலுக்குள்தான். வில்வண்டி பிடியுங்கள், கட்டை வண்டியின் குலுக்கலைப் பிரசவ வலிக்காரி தாங்கமாட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் இசக்கியம்மாளிடம், கையைக் கழுவி மருந்துத் தண்ணீரில் நனைத்தால் நீங்களும் உள்ளே வரலாம் என்றார். அவள் மறுபடியும் தேய்த்தாள். விளக்கேற்றும் முன் பெண் குழந்தை பிறந்தது. கொதிக்கவைத்த கத்தரியால் கொடியை வெட்டி, கொதிக்கவைத்த நூலால் கட்டியதை இசக்கியம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் கிருபைக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. "அக்கா, போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று என் விரல்களை நெரித்தாள். எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. பனிக்குடம் உடைந்து நெடுநேரமானதால் கொஞ்சம் நஞ்சு ஏறியிருக்கலாம், இதற்கென்று தனி மருந்து கிடையாது, உடம்புதான் போராட வேண்டும் என்றார். வழியில் யாரும் உள்ளே கை விடாதது நல்லது என்றும் சொன்னார். குழந்தை மட்டும் ஒன்றும் அறியாமல் பசித்துக் கத்தி, பால் குடித்தது. மறுநாள் மத்தியானம் கிருபைக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கி, "பசிக்கி" என்றாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே கிளம்பி, பாளையங்கோட்டையில் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். மூட்டையில் பலகாரத்துக்கு முன்னால் சோப்பையும் கொதித்த துணியையும் வையுங்கள். பனிக்குடம் உடைந்துவிட்டால் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே புறப்படுங்கள். வழியில் உள்ளே கை விட வருகிறவர் யாரானாலும் தடுங்கள்; மரியாதை குறைந்தால் குறையட்டும்.

தை மாதம் கிருபையை அவள் ஊரில் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வீரவநல்லூரில் வண்டி நின்றதும், நிறைமாதப் பெண் ஒருத்தியைத் தோளில் அணைத்தபடி இசக்கியம்மாள் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் கையை வீசினாள்.

"டீச்சரம்மா, இவளுக்குத் தலச்சன். கால் வீங்கியிருக்கு, எனக்குப் பிடிக்கல. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன். இவளப் பையப் பைய ஏத்தணும், எடம் போடுங்க!"

நாங்கள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தோம்.