காதுக்குப் பின்னால் இருந்த கறுத்த பொட்டு

இந்தக் கோயில் மலரில் எழுதுவது யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. பதினொரு வயதில், இணுவிலில் வீதியோரம் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு காற்றடிக்கிற பம்மும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொண்டு சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தொடங்கினேன். அந்த இடத்தில்தான் இன்றைக்கு என் கடை நிற்கிறது. வீட்டை மூன்று தரம் கட்டினேன். முதல் வீடு சண்டையில் செல் விழுந்து போனது. இரண்டாவது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. மூன்றாவது இன்னும் நிற்கிறது. அதற்குக் கல் சுமந்ததும் நான், சாந்து குழைத்ததும் நான். மனைவி போனபிறகு ஒரே பிள்ளையைத் தனியே வளர்த்து டொக்டராக்கினேன். வந்த மருமகனும் டொக்டர்.

எங்கள் ஊர்க் கந்தசுவாமியார் தேருக்கு வருஷாவருஷம் வடம் பிடித்தவன்தான் நான். ஆனால் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, கட்டியவன் நான்தானே என்று நினைப்பு. அந்த நினைப்போடுதான் சாம்பியா நாட்டுக்கும் போனேன்.

நாட்டில் சாமான் விலை ஏறி, மருந்துக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில் படித்த பிள்ளைகள் எல்லாம் வெளிக்கிட்டார்கள். என் மகள் யசோவையும் மருமகன் கஜனையும் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை தருகிறோம் என்று கூப்பிட்டது தெற்கு ஆபிரிக்கப் பக்கத்தில், அந்தச் சாம்பியாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. கடைக்கு வந்தவர்கள் சும்மா விட்டார்களா?

“என்ன அண்ணை, எல்லாரும் லண்டனுக்குப் போகினம், உங்கடை ஆக்கள் சிங்கம் பாக்கப் போகினமோ?”

“சிங்கத்துக்கும் வருத்தம் வந்தால் என்ரை பிள்ளையிட்டைத்தான் வரோணும்” என்று சொல்லிவிட்டு ரயரைக் கழற்றினேன்.

பேத்தி ஆதிரைக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே போய் நான் கண்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தகரக் கூரை வீடு. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். கரண்ட் நினைத்த நேரம். மருமகன் ஒப்பரேசன் செய்து வெட்டித் தைக்கிற ஆளுக்கு மருமகன் பாஷை விளங்காது, மருமகனுக்கு அந்த ஆளின் பாஷை விளங்காது. யசோ சின்னப் பிள்ளைகளின் வாட்டில் வேலை. பின்னேரம் வந்து கதிரையில் இருந்தால் தேத்தண்ணி ஆறிப்போகும், குடிக்க மாட்டாள்.

“அப்பா, இண்டைக்கும் ரெண்டு” என்பாள்.

இரண்டு என்ன என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மலேரியாவில் போன பிள்ளைகள்.

என்னால் செய்யக்கூடியதை நான் செய்தேன். தாதிமாரின் சைக்கிள்களைத் திருத்தினேன். அடுத்த வீட்டில் இருந்த மெர்சி என்ற தாதியின் சைக்கிளுக்கு பிரேக் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் பேத்தியைக் குளிக்க வார்த்து, கறுத்த பொட்டு வைப்பேன். சவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் காயவைத்த எங்கள் ஊர்ப் பொட்டு. அந்தச் சிரட்டையை இங்கிருந்தே கொண்டு போனேன். வடிவான பிள்ளை, பிற ஊர், கண்ணூறு படக்கூடாது. அதுவும் மருமகனுக்குப் பிடிக்கவில்லை.

“மாமா, முகத்திலை வேண்டாம். காயமோ எண்டு ஆக்கள் கேக்கினம்.”

“அப்ப எங்கை வைக்க? உங்கடை மூக்கிலையோ?”

யசோதான் சமாதானம் பண்ணினாள். “காதுக்குப் பின்னாலை வையுங்கோ அப்பா. தலைமயிருக்கை ஒருத்தருக்கும் தெரியாது.”

அன்றிலிருந்து வலது காதுக்குப் பின்னால் வைத்தேன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

மார்கழி பிறந்து அங்கே மழை வலுத்தது. வீட்டைச் சுற்றிப் புல் இடுப்பளவு. மெர்சி வீட்டு ஆட்டுக்குட்டிகளோடு ஆதிரை அந்தப் புல்லுக்குள்தான் விளையாடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தூக்கினேன், உடம்பு சுட்டது.

தாய் தகப்பன் இரண்டு பேரும் டொக்டர், நான் ஏன் பயப்பட வேண்டும்? இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை. அடுத்தநாள் திரும்பப் பார்த்தார்கள். இல்லை. என்றாலும் அதற்கு மருந்து கொடுத்தார்கள். கிருமிக்கு ஊசியும் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையைத் தாயின் வாட்டிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். நேற்று வரைக்கும் மற்றவர்களின் பிள்ளைகள் கிடந்த கட்டில். பக்கத்துக் கட்டில் தாய் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லி அழுதாள். பாஷை தெரியாமலே எனக்கு அது விளங்கியது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் போட்டன. பால் இறங்கவில்லை. அம்மப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை, நான் கூப்பிடக் கண்ணைத் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் மழையில் பாலம் போய்விட்டது. மருமகன் சுவரில் சாய்ந்து நின்றார். அறுத்துத் தைத்து எத்தனை பேரை எழுப்பிவிட்ட மனுசன், கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யசோ சொன்னாள்: “நான் இந்த வாட்டிலை இவ்வளவு பிள்ளையளைப் பறிகுடுத்தனான் அப்பா. இப்ப என்ரை முறை.”

வீட்டுக்கு வந்து பொட்டுச் சிரட்டையைப் பார்த்தேன். இதை வைத்து என்ன கண்டேன் என்று ஆத்திரம் வந்தது. தூக்கி அலுமாரிக்குள் எறிந்தேன். திருநீறும் பூசவில்லை. மூன்று நாள் நான் பேத்திக்குப் பொட்டு வைக்கவில்லை. யாருக்கும் அதைச் சொல்லவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூச்சு இழுப்பது கூடிக்கொண்டே போனது. யசோ பிள்ளையின் உடுப்பை மடித்துப் பையில் வைத்தாள். ஏன் மடிக்கிறாய் என்று கேட்கத் தைரியம் இல்லை. ஊரில் இந்த நேரம் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு வருவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கட்டில் காலடியில், எல்லாரும் பார்க்க, நிலத்தில் விழுந்தேன்.

“முருகா, எல்லாம் நான் கட்டினது எண்டு சொல்லித் திரிஞ்சனான். இந்தப் பிள்ளையை என்னாலை கட்டேலாது. வீட்டை எடு, கடையை எடு, என்னை எடு. இதை விடு. ஒரு வழி காட்டு.”

என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் காரியம் அதுதான்.

எழும்பினேன். கேட்டுவிட்டு வெறும் நெற்றியோடு பிள்ளையை வைத்திருக்கக்கூடாது, திருநீறு பூசவேண்டும். அதற்கு முதல் முகம் துடைக்க வேண்டும். ஈரத்துணியால் நெற்றி, கன்னம், கழுத்து என்று துடைத்தேன். காதுக்குப் பின்னால் பொட்டு இருந்தது. துடைத்தேன், போகவில்லை. இன்னும் துடைத்தேன், போகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் பொட்டு வைத்து மூன்று நாள்.

விரலால் தடவினேன். அறுபது வருஷமாய் ரியூப்புக்குள் முள்ளுத் தேடின விரல் இது. நடுவில் காய்ந்த கறுப்பு, சுற்றிவரத் தடிப்பு.

“தம்பி, இஞ்சை வாங்கோ. இது பொட்டில்லை.”

“மாமா, இப்ப பொட்டுக் கதைக்கிற நேரமே?”

“நான் வெள்ளிக்கிழமை தொடக்கம் பொட்டு வைக்கேல்லை!”

மருமகன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓடிவந்து தலைமயிரை விலக்கி லைட் அடித்தார். மெர்சி எட்டிப் பார்த்து, தலையில் கையை வைத்து ஒரு சொல் சொன்னாள். உண்ணி. ஆட்டில் இருக்கிற உண்ணி கடித்த இடம், கருகிப்போய் ஒரு பொட்டு மாதிரியே இருந்தது. அந்தக் காய்ச்சலுக்கு மருந்து வேறு. நாங்கள் கொடுத்தது ஒன்றும் அதற்குக் கேட்காது. சரியான மருந்து அந்த ஆஸ்பத்திரி அலுமாரியிலேயே அவ்வளவு நாளும் இருந்தது.

“நாளாந்தம் பாத்தனான் அப்பா” என்று யசோ நெஞ்சில் அடித்தாள். “உங்கடை பொட்டெண்டுதான் நினைச்சனான்.”

காய்ச்சலுக்கு முந்தின நாட்களில் அந்தக் கடிக்கு மேலே விரலால் பொட்டுத் தடவி மறைத்தவன் நான்தான்.

மருந்து போட்ட அன்றைக்கும் நம்பிக்கை வரவில்லை. பிந்திவிட்டதோ என்று மருமகன் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். திங்கள் அப்படியே போனது. செவ்வாய் காலை உடம்பு தணிந்தது. புதன்கிழமை, “அம்மப்பா, தண்ணி” என்றாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஓடித்திரிகிறது. பக்கத்துக் கட்டில் பிள்ளை பிழைக்கவில்லை. அதையும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை. அந்தத் தாயின் முகம் இன்னும் வருகிறது. ஏன் எங்களுக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. யசோ அந்த ஊரை விட்டு வருகிறேன் என்று நின்றவள், இப்போது வரமாட்டேன் என்கிறாள். காய்ச்சலோடு வருகிற ஒவ்வொரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலும் தானே பார்க்கிறாளாம்.

நான் நேர்த்திக்கடனுக்காக ஊருக்கு வந்தேன். இந்த வயதில் காவடி எடுத்தேன். கடை திறக்கும்போது முதல் கும்பிடு இப்போது கந்தசுவாமியாருக்குத்தான். அடியார்களே, நீங்களும் கேளுங்கள். என்னைப்போல அறுபது வருஷம் பொறுக்காதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் எழும்பி ஈரத்துணியை எடுங்கள். அவர் காட்டுவது கையில் தட்டுப்படும்.

கடைசியாக ஒன்று. மருமகன் இந்தக் காய்ச்சலைப் பற்றி அங்கே பெரிய டொக்டர்மாரின் கூட்டத்தில் படம் போட்டுப் பேசினாராம். உடம்பு முழுவதையும் சோதித்தபோது கடித்த இடம் தெரியவந்தது என்று அதில் எழுதியிருக்கிறதாம். யசோ போனில் வாசித்துச் சொன்னாள்.

யார் சோதித்தது? தம்பி கஜன், இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். பொட்டு வைத்து மறைத்தது கிழவன் என்று எழுதுங்கோ, நான் கோபிக்க மாட்டேன், அது உண்மை. ஆனால் அடுத்த வரியில், வழி காட்டினது முருகன், துடைத்துக் கண்டுபிடித்தது பிள்ளையின் அம்மப்பா, இணுவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், படித்தது நாலாம் வகுப்பு என்றும் எழுத வேண்டும். எழுதிப்போட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கோ. சட்டம் போட்டுக் கடைச் சுவரில் கொழுவ வேண்டும்.