பொட்டு வைத்த கிளாஸ்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் உத்திரமேரூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நைனாவின் டீக்கடை இருந்தது. எண்பதுகளின் தொடக்கம்; நான் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். கடையில் எல்லா கிளாஸும் ஒரே அச்சுதான். ஆனால் காலனி ஆட்களுக்கு உள்ளவற்றின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்து, வெளியே பந்தல்காலில் கட்டிய பலகையில் அடுக்கியிருப்பார். பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் அடித்து மிஞ்சிய பெயிண்ட் அது. குடித்தவர்களே கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். டீ மட்டும் எல்லாருக்கும் ஒரே பாலில், ஒரே திக்காகத்தான் போடுவார். அதில் நைனாவுக்கு ரொம்பப் பெருமை.

சித்தப்பா காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் கூட்டாளிகளோடு ஊர் ஊராகப் போய்த் தெருநாடகம் போடுவார். மேடையும் கிடையாது, திரையும் கிடையாது. ஒரு தப்பட்டையும் நல்ல தொண்டையும்தான். பெருநகரில் முதியோர் கல்வி நாடகம் போட்டபோது, கைநாட்டு வைத்து ஏமாறும் கிழவனாக நடித்தார். நைனா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே அளந்துகொண்டிருந்தார். அதனால் எங்கள் ஊர் நாடகத்துக்கு கிளாஸ் வேண்டும் என்றதும் கூடையோடு தூக்கிக் கொடுத்தார்.

"வெளிய கீற கிளாஸையும் குடுண்ணா, சீன்ல நெறைய ஆளு," என்றார் சித்தப்பா.

"எத்துக்கினு போடா. நம்ம கடை கிளாஸும் கொஞ்சம் நடிக்கட்டும்."

சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்திலேயே நாடகம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. சித்தப்பாவின் தோளில் நைனாவின் துண்டு. டீயை உயரத் தூக்கி ஆற்றுவதும், நடுநடுவே இடுப்பைச் சொறிவதும் அச்சு அசல் நைனாவேதான். நைனாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் காலனி ஆளாக நடித்த பையன் வந்தான். சித்தப்பா பொட்டு வைத்த கிளாஸைத் தேடி எடுத்து, தள்ளி நின்று ஊற்றினார்.

"இதுல மட்டும் இன்னாத்துக்குப் பொட்டு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான் பையன்.

அந்தப் பக்கம் விசில் பறந்தது. இந்தப் பக்கம் மூச்சுக் காட்டவில்லை. நைனா எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியும்போது கூடை கடை வாசலில் இருந்தது. கிளாஸெல்லாம் பளபளவென்று மின்னின. கிட்டே போனால் மண்ணெண்ணெய் வாடை. நைனா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பொட்டு எங்கடா?"

"தேய்ச்சேன், போய்ட்ச்சு. இப்போ இன்னா, கிளாஸு நல்லாத்தானே கீது?" என்றார் சித்தப்பா.

நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எது யார் கிளாஸ் என்று இனித் தெரியாது. விஷயம் தெரிந்து ஊர்க்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அந்தக் கடையை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்கு ஓடி, பரணில் கிடந்த பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தேன்.

"எதெதுல வெக்கணும்னு காட்டு நைனா, நானே வெக்கறேன்."

நைனா கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் முதல் பஸ் வந்துவிட்டது. இறங்கியவர்கள் டீ கேட்டார்கள். நைனா கைக்கு வந்த கிளாஸில் ஊற்றினார். காலனிப் பெரியவர் ஒருவர் பழக்கத்தில் வெளிப் பலகையைத் தடவிவிட்டு, ஒன்றும் இல்லாததால் அப்படியே நின்றார். நைனா அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிளாஸை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஊரில் சிலர் அதோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் டீ இல்லாமல் முடியாமல் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடை பிழைத்தது.

தினமும் அடுப்பு பற்றவைத்ததும் முதல் டீ நைனாவுக்குத்தான். அதை மட்டும் அன்றிலிருந்து அவர் கடை கிளாஸில் குடிக்கவில்லை. வீட்டில் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னார். நாடகத்தில் நடித்துக் காட்டுகிற அளவுக்கு நைனா பெரிய மனிதர் ஆகிவிட்டார், அதான் இந்த மரியாதை என்று நினைத்தேன். தினமும் காலையில் அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, யார் கையும் படாமல் ஏந்திக்கொண்டு, பெருமை தாங்காமல் கடைக்கு ஓடுவேன்.