விழாத கை

பிசியோதெரபி அறையில் அவளுக்கு ‘இரும்புக்கை’ என்று பெயர். வைத்த புதிதில் அது பாராட்டுதான். கட்டையாக விறைத்த முழங்காலையும் மடக்கிக் காட்டுவாள். போன மாதம் அதே பெயர் வசவாகிவிட்டது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தையல்காரருக்குத் தோளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போட்ட கத்தல் வராண்டா வரை கேட்டது. அவள் காதில் விழவில்லை. ஆயாம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தலைமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். “தொட்டு வைத்தியம் பண்றவங்க களைச்சு விழாம இருக்க ஏதோ பயிற்சியாம். போயிட்டு வாங்க. வந்தும் இதே கதைன்னா சீட்டு எழுதுற மேசைதாம்மா.”

அவள் போகச் சம்மதித்தாள். இந்தக் கைவேலையை விட்டால் அவளுக்கென்று வேறொன்றும் இல்லை. வீட்டிலோ அந்தக் கையும் இல்லை. பகலெல்லாம் ஊரார் உடம்பைப் பிடித்துவிட்டு வருகிறவளுக்கு, மகள் வந்து மடியில் தலை வைத்தாலே கூசியது. “தள்ளிப் படுடி, கசகசங்குது” என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெண் இப்போது அப்பா பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

பயிற்சியில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னார்கள். ஜோடியாக வாய்த்தவள் டயாலிசிஸ் நர்ஸ், வாயாடி. படுத்திருப்பவர் கையின் பாரத்தை முழுசாக விட்டுவிட வேண்டும். மற்றவர் தூக்கி இறக்குவார். அவ்வளவுதான். முதலில் இவள் படுத்தாள்.

“அக்கா, நான் இன்னும் தூக்கவே இல்ல. நீங்களா எங்க கிளம்பிட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். நர்ஸ் தன் கையை எடுத்துக்கொண்டாள். இவள் கை அந்தரத்திலேயே நின்றது. விடு, விடு என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். விழவில்லை. ‘கையை என்கிட்ட விடுங்க, ஏன் விறைக்கிறீங்க’ என்று தினமும் நோயாளிகளை அதட்டுகிறவள் அவள். சிரிப்பு அடங்கிவிட்டது.

பயிற்சி கொடுத்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தொடுறதுக்கு முன்னாடி கால் தரையில படுதான்னு பாருங்க. நிதானமா ஒரு மூச்சு. அப்புறம் தொடுங்க.”

“வராண்டா பூரா ஆளு உக்காந்திருக்கு மேடம். மூச்சு விட நேரமிருந்தா நான் ஏன் இங்க வரேன்?”

அந்த அம்மா அவள் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார்.

கடைசி வரை அந்தக் கை விழவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் ஆளே தையல்காரர். கால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஒரு மூச்சு விட்டாள். அழுத்தாமல் அவர் தோளில் கையை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. நோயின் நடுக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல, பயம். இத்தனை நாளும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். எத்தனை பேருக்கோ.

“வலிக்குதாங்க?”

கோணிய வாயைக் கூட்டி அவர் சொன்னார், “இன்னும் இல்ல.”

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

ஆயாம்மா கதவருகே வந்து நின்றாள். “ஏம்மா, வெளியில சத்தம் போடுறாங்க. அடுத்த ஆளை விடட்டுமா?”

“வேணாம். கொஞ்சம் நேரமாகும்.”

“இப்படிப் பாத்தா பாதிப் பேரு கூட முடியாது. அதுக்கும் டாக்டர் மேசைக்குத்தான் தள்ளுவாரு, பாத்துக்க.”

“தள்ளட்டும் ஆயாம்மா.”

அவள் கையை எடுக்கவில்லை. அதற்கடியில் நடுக்கமும் நிற்கவில்லை.