பியதாச பேசிய பொள்ளாச்சித் தமிழ்

பேய், குறி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிரேன் பழுதுபார்க்க வந்து மூன்று வருடம். என் தெருவில் ஒரு வாசலில் எலுமிச்சம்பழம், அடுத்த வாசலில் தாயத்து, அதற்கடுத்த வீட்டார் கையில் பிக்கு ஓதிக் கட்டிவிட்ட பிரித் நூல். மூடத்தனத்தில் மட்டும் என்ன ஒற்றுமை என்று கேலி செய்வேன். மதிலுக்கு அப்பால் இருந்த பியதாச, ஓய்வுபெற்ற படகு மெக்கானிக், நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் தமிழ் தெரியாதவர். மடையன் என்றே நினைத்தேன். எனக்குச் சிங்களம் தெரியாதது அப்போது உறைக்கவில்லை.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பி கேட்டைத் திறக்கிறேன், மதிலருகே நின்ற பியதாச, "ஏங்கண்ணு, அம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயேன்" என்றார். அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ். செத்துப்போன அப்பா இழுக்கிற அதே "கண்ணு". நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை, இத்தனை நாள் நடித்திருக்கிறான் கிழவன் என்று எரிச்சல்தான் வந்தது.

"எனக்கு நேரமில்லை, உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நாலு மணிக்குத் தங்கை அழைத்தாள். மூன்று மணிக்கு அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. "மத்தியானமெல்லாம் உன்னையத்தான் கேட்டுட்டே இருந்துச்சுங்ணா" என்றாள்.

காரியம் முடித்துத் திரும்பியதும் பியதாசவை மறித்துக் கேட்டேன். அவர் விழித்தார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி ரஹீமாவைக் கூப்பிட்டு, சிங்களத்தில் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. அண்டைக்கு நான் குசினியில சட்டிபானை கழுவிக்கொண்டு ஜன்னலடியிலதான் நிண்டனான். அம்மாவோட கதைச்சிட்டுப் போகச் சொல்லி சிங்களத்திலதான் சொன்னவர். ஏன் சொன்னனான் எண்டு தனக்கே விளங்கேல்லையாம்."

"சிங்களம் எனக்கு எப்படிப் புரியும்?"

ரஹீமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்களும் சிங்களத்திலதானே மறுமொழி சொன்னீங்கள், நேரமில்லையெண்டு? இவ்வளவு வடிவாக் கதைப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

எனக்கு இன்றுவரை சிங்களத்தில் பத்துவரை எண்ணக்கூடத் தெரியாது. காலையில் பியதாச மதிலருகே நின்றால் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடக்கிறேன். வாயைத் திறந்தால் எந்த மொழி வரும் என்று எனக்குத் தெரியவில்லை.