யாரும் அழாத படம்

சிடி வாடகைக் கடை வச்சிருந்த என் சக பாவிகளே, உங்களுக்கே தெரியும்: படம் எடுத்தவன் எங்கயோ ஏசியில இருப்பான், திட்டு வாங்குறது நாமதான்.

அழுகையக் காணோம்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. ஒரு கொலைப் படத்த வாடகைக்கு விட்டு நான் பட்ட பாடு இருக்கே, அய்யய்யோ! கூலிக்குக் கொலை பண்றவன் ஒருத்தன், அவன் பொண்டாட்டி, சின்ன மக. ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. அப்பன் கூப்பிட்டா மக முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும். தாத்தா செத்தப்பகூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல.

மறுநாளே டீச்சரம்மா ஒருத்தங்க சிடிய மேசையில வச்சாங்க. "இதுல கீறல் இருக்குது தம்பி, அழுவுற சீனெல்லாம் தாண்டித் தாண்டிப் போயிடுது."

ஆறிப்போன டீ

எனக்கும் ஒண்ணும் புரியல. காலேஜ் பையன் ஒருத்தன்தான், "எல்லாம் குறியீடுண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனான். அந்த வார்த்தைய அப்படியே புடிச்சுக்கிட்டேன். பீங்கான் கம்பெனியில வேலை பாக்குற முருகேசன் வந்து, படத்துல புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல டீ ஏன் குடிக்காமயே கெடக்குதுன்னு கேட்டாரு. ஒறவு ஆறிப்போச்சுன்னு குறியீடுன்னேன்.

அவரு சிடிய மேசையில வச்சாரு. "அத வாயத் தொறந்து சொல்லிட்டுப் போவலாமே, நல்ல டீய ஏன் வீணாக்கணும்?"

பாதியில நிறுத்தினவர்

மங்கலம்பேட்டை சலீம் பாய் சவூதியிலருந்து லீவுல வந்திருந்தாரு. அவரு அங்க இருக்கும்போது பொறந்த பொண்ணு. போட்டோவுல பாத்த அப்பன நேர்ல பாத்ததும் பயந்து அம்மா பின்னால ஒளிஞ்சுக்குது. லீவு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது 'அத்தா'ன்னு கூப்பிடாதான்னு ஏங்கிக்கிட்டிருந்தாரு. இது தெரிஞ்சும் அவருக்குப் போயி இந்தப் படத்தக் குடுத்திருக்கேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்.

திருப்பிக் குடுக்க வந்தவர்கிட்ட, "அது குறியீடு பாய்..."னு ஆரம்பிச்சேன்.

"அது கெடக்கட்டுண்ணே. பாதியிலயே நிறுத்திட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு அப்பன் பக்கம் திரும்புதா, இல்லியா?"

கடைசி நாள்

திரும்பாதுங்க. அதச் சொல்ல எனக்கு மனசு வரல, மறந்துபோச்சுன்னு மழுப்பிட்டேன்.

ஊருக்குக் கெளம்புற அன்னிக்கு சொல்லிட்டுப் போவ வந்தாரு. மொகமெல்லாம் சிரிப்பு, கண்ணு மட்டும் செவந்திருந்துச்சு. எனக்கு வாழ்த்துறதா, ஆறுதல் சொல்றதான்னே வெளங்கல.

"நேத்துதாண்ணே 'அத்தா'ன்னு கூப்பிட்டுச்சு. இப்ப என் சட்டையப் புடிச்சுக்கிட்டே திரியுது. அது தூங்கறப்பவே கெளம்பிடுங்கன்னு வூட்டுல சொல்றாங்க. எப்படிண்ணே கெளம்புறது?"

சிடிக் கடைக்காரனுக்கு எல்லாம் தெரியும்னு ஊரே வந்து கேக்கும், அவன்கிட்ட இருக்கறதோ சிடி மட்டுந்தான்.